மீனுக்குத் தெரியும் மணலின் நிறம்

போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம் பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மீன் தொட்டி முன்னால் நிறுத்தினாள். "தாத்தா, கோடெல்லாம் அழிஞ்சு போச்சு பாருங்க. யாரோ ரப்பர் போட்டு அழிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். எட்டு டைகர் பார்ப் வாங்கி விட்டிருந்தோம். கடையில் பார்த்தபோது மஞ்சள் உடம்பில் மை வைத்துக் கோடு இழுத்த மாதிரி நாலு கருப்புப் பட்டைகள். இப்போது அந்தப் பட்டைகள் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. உடம்பு மஞ்சளும் மங்கிவிட்டது. எட்டும் மூலையில் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றன. தீனி போட்டால் வந்து கொத்திவிட்டு மறுபடி அங்கேயே ஓடின.

தொட்டி அவள் பிறந்தநாளுக்காக வாங்கியது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உள்ளே என்ன போடுவது என்பதை அவளிடமே விட்டிருந்தோம். பனி மாதிரி இருக்க வேண்டும் என்று பளீரென்ற வெள்ளை மணலும், பின்னால் ஒட்ட வான நீல நிற ஷீட்டும், மேலே வெள்ளை எல்இடி விளக்கும் கேட்டாள். வாங்கிக் கொடுத்தோம். அறைக்குள் நுழைந்தால் கண்ணைப் பறித்தது. மீனைத்தான் காணோம்.

ஒருவர் நிறத்துக்கென்று தனித் தீனி போடச் சொன்னார். இன்னொருவர் நோய் என்று சொல்லி ஒரு நீல மருந்து கொடுத்தார். இரண்டையும் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது.

முப்பத்தோரு வருஷம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஊர்ப்பக்கம் அதை டேங்க் ஃபேக்டரி என்றுதான் சொல்வார்கள். விஜயந்தா தொடங்கி டி-90 வரை அங்கேதான் உருவாயின. வண்டி எந்த நிலத்தில் ஓடப்போகிறதோ அந்த நிலத்தின் நிறம் அதற்கு. பாலைவனத்துக்கு மணல் நிறம், செடிகொடி உள்ள இடத்துக்குப் பச்சை. இன்னொன்றும் எந்தப் பெயின்டருக்கும் தெரியும். ரெட் ஆக்சைடு பிரைமர் மேல் அடித்த மஞ்சள் ஒரு மாதிரி இருக்கும். அதே டின்னிலிருந்து எடுத்து வெள்ளைப் பூச்சு மேல் அடித்த மஞ்சள் வேறு மாதிரி இருக்கும். அடிப்பூச்சைப் பார்க்காமல் மேல்பூச்சைக் குறை சொல்லக் கூடாது.

பக்கத்து வீட்டுத் தம்பி மொட்டை மாடியில் சும்மா போட்டிருந்த பழைய தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதே அளவு. அதில் கரும்பழுப்பு மணலைப் போட்டு, பின்பக்கம் கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன். முதல் தொட்டியின் தண்ணீரில் பாதியை இதற்கு மாற்றி, இரண்டிலும் குறைக்குப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். தீனியும் விளக்கும் ஒன்றே. நாலு மீனை இங்கே மாற்றினேன், நாலை அங்கேயே விட்டேன். மறுநாள் காலையிலேயே கருப்புத் தரை மீன்களின் பட்டைகள் தெளிந்துவிட்டன. பத்தாம் நாள் இரண்டு தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த என் மருமகள், "மாமா, இது வேற ஜாதி மீனா?" என்று கேட்டாள். ஒரே கடையில் ஒரே பையில் வந்த மீன்கள். டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். அதை நாலு நாலாகப் பிரித்து வைப்பது நல்லதில்லை என்பதால் பத்து நாளோடு சோதனையை முடித்து, எட்டையும் கருப்புத் தரைக்கே மாற்றிவிட்டேன்.

இதற்குக் காரணம் மீனின் தோலில் இருக்கிறது. தோலில் நிறச் செல்கள் உண்டு. கருப்புக்கான செல் நட்சத்திரம் மாதிரி கிளைகள் விட்டிருக்கும். அதற்குள்ளே நுண்ணிய கருமணிகள். ஒரு கைப்பிடி கருப்பு எள்ளைத் தட்டின் நடுவில் குவித்து வையுங்கள். தட்டு வெள்ளையாகத்தான் தெரியும். அதே எள்ளைப் பரப்பிவிடுங்கள், தட்டே கருத்துவிடும். எள்ளின் அளவு மாறவில்லை. மீனும் இதைத்தான் செய்கிறது. வெளிச்சமான தரையில் மணிகளை நடுவில் குவித்துக்கொள்கிறது. இருண்ட தரையில் கிளைகளுக்குப் பரப்பிவிடுகிறது.

தரை எப்படிப்பட்டது என்பதைக் கண்தான் சொல்கிறது. மேலிருந்து விழும் வெளிச்சம் விழித்திரையின் கீழ்ப்பாதியில் படும். தரையிலிருந்து எழும்பி வரும் வெளிச்சம் மேல்பாதியில் படும். இரண்டையும் மீன் எடைபோட்டுப் பார்க்கிறது. விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பதை மட்டும் வைத்து அது முடிவெடுப்பதில்லை. அதில் எவ்வளவைத் தரை திருப்பி அனுப்புகிறது என்பதே கணக்கு. அதனால்தான் வெள்ளை மணலை வைத்துக்கொண்டு விளக்கைக் குறைத்தாலும் மீன் பெரிதாகத் தேறுவதில்லை. தரை வெளுப்பு என்று தெரிந்ததும் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு சுரப்பு வெளிவந்து கருமணிகளைக் குவியவைக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1983-இல் சால்மன் மீனிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இது விரைவான மாற்றம். வாரக்கணக்கில் அதே தரையில் இருந்தால் கருப்புச் செல்களின் எண்ணிக்கையே கூடும், குறையும். அப்படி வெளுத்த மீன் திரும்பி வர நாளாகும்.

இந்த வித்தையில் தலைசிறந்தவை கடலடியில் படுத்திருக்கும் தட்டை மீன்கள். காசிமேட்டில் வாங்குகிறோமே நாக்கு மீன், அதன் உறவுக்காரர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மூளை ஆய்வாளராகப் பேர் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன் இவற்றைத் தொட்டியில் வைத்து ஆராய்ந்திருக்கிறார். சாதாரண மணலில் விட்டார். சதுரங்கக் கட்டம் போட்ட தரையிலும் விட்டார். இரண்டு முதல் எட்டு விநாடிக்குள் மீன் தன் முதுகுப் புள்ளிகளைத் தரைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. அவரும் அவருடைய சகாக்களும் 1996-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். அந்த முதுகில் எந்தப் பெயின்ட் பிரிவும் வேலை செய்யவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

வெள்ளைத் தரை எல்லா மீனுக்கும் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானில் ஒரு வகைத் தட்டை மீன் வெள்ளைத் தொட்டியில் நன்றாகத் தின்று வேகமாக வளர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெளிறிய மணல் ஆற்றிலும் ஏரியிலும் பிறந்த மீன்களுக்கு வெளிறிய மணல் சொந்த வீடு. ஆனால் நம் வீட்டுத் தொட்டிக்கு வரும் சின்ன மீன்களில் பெரும்பாலானவை செடியும் சருகும் நிழலும் உள்ள ஓடைகளைச் சேர்ந்தவை. இலை அழுகிப் பழுப்பேறிய தரை அவற்றுடையது. எங்கள் கோவில்பதாகை ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கருஞ்சேறு. அந்தச் சேற்றில் கிடந்த விரால் எப்படி இருக்கும், தெளிந்த தண்ணீர் விரால் எப்படி இருக்கும் என்று மீன் ஆயும் பெண்களைக் கேட்டால் பார்த்ததும் சொல்வார்கள்.

இனி மணல். நான் தடுமாறிக் கற்றுக்கொண்டது இதில்தான்.

எங்கள் தெருவில் எந்நேரமும் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் மணல் குவிந்திருக்கும், ஒரு பக்கெட் அள்ளிக்கொள்ளலாமே என்று தோன்றும். இப்போது குவிந்திருப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்து அரைத்தது. ஒவ்வொரு மணியும் கூர்மையாக இருக்கும், மாவு மாதிரித் தூள் போகவே போகாது. தரையைத் துழாவித் தின்னும் கோரிடோராஸ் போன்ற மீன்களின் மீசை அதில் உரசித் தேய்ந்துவிடும். வேண்டாம். பழைய ஆற்று மணல் கிடைத்தால் சல்லடையில் சலித்து, பெருங்கல்லையும் தூசியையும் நீக்கிப் பயன்படுத்தலாம். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் மணி போதும். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது.

கிளிஞ்சல் என்றதும் இன்னொன்று. கடைகளில் வெள்ளைக் கல் என்று விற்பதில் பவளத் துண்டும் கிளிஞ்சல் நொறுக்கும் மார்பிள் சிப்ஸும் கலந்திருக்கும். மூன்றும் சுண்ணாம்புதான். தண்ணீரில் மெல்லக் கரைந்து அதன் கடினத்தைக் கூட்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஏற்கெனவே குழாய் வாயில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீர். அதில் இந்தக் கல்லையும் போட்டால் நியான் டெட்ரா மாதிரி மென்னீர் மீனுக்குத் தாங்காது. மோலிக்கும் ஆப்பிரிக்க சிக்லிடுகளுக்கும் கடின நீர் பிடிக்கும், அவற்றுக்குப் போடலாம். சந்தேகம் இருந்தால் கல் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

பிறகு சாயக்கல். பச்சை, ரோஸ், ஊதா என்று பாக்கெட்டில் தொங்குமே, அது. முதலில் நான் வாங்கிய ஊதாக் கல்லை ஊறவைத்த பக்கெட்டில் மறுநாள் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எங்கள் பெயின்ட் ஷாப் பழக்கத்தைக் கையில் எடுத்தேன். அங்கே பூச்சு காய்ந்துவிட்டதா என்று வெள்ளை காட்டன் வேஸ்டால் துடைத்துப் பார்ப்போம். அதேபோல நனைத்த வெள்ளைத் துணியில் ஒரு கைப்பிடிக் கல்லை முடிந்து, அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏறாவிட்டாலும் கொஞ்சத்தை வீட்டில் வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகே தொட்டிக்குள் போடுங்கள்.

கருப்பு மணல் தேடிய நாட்களில் வீட்டு ஷோகேஸில் இருந்த கன்னியாகுமரி மணல் பாக்கெட் கண்ணில் பட்டது. அங்கே போய்விட்டு அந்தப் பாக்கெட்டை வாங்காமல் திரும்பியவர் யார்? சுசீந்திரத்துச் சிவனுக்கும் குமரிக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோய், சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாக மாறிவிட்டன என்பது கதை. சிவப்பு மணல் கார்னெட் என்ற கனிமம், கருப்பு இல்மனைட். பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அரிய மணல் ஆலையே இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கும். அதில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சு உள்ளது. கருப்பு அழகாக இருக்கிறது என்று அதைத் தொட்டிக்குள் கொட்ட வேண்டாம். பாக்கெட் பாக்கெட்டாகவே இருக்கட்டும்.

அளவுக்கு வருவோம். இரண்டுக்கு ஓரடித் தொட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் பரப்ப ஏறக்குறைய 14 கிலோ தேவைப்படும். பின்னால் இரண்டரை, முன்னால் ஒன்றரை அங்குலம் என்று சரிவாகப் போட்டால் அழுக்கு முன்பக்கம் வந்து சேரும், எடுக்க லேசு. தொட்டியும் ஆழமாகத் தெரியும். போடுவதற்கு முன், அரிசி களைகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலங்கல் போகும்வரை அலச வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் பிடித்தது. நுண்மணலை மூன்று நாலு அங்குலம் திணித்தால் அடியில் காற்றுப் புகாமல் அழுகி, முட்டை கெட்ட நாற்றம் வரும். நம் குளங்களிலேயே கிடைக்கும் நீண்ட கூம்பு நத்தை நாலைந்து விட்டால் அது மணலை உழுதுகொண்டே இருக்கும். பெருகிவிடும் என்பதால் தீனியை அளவாகப் போடுங்கள். தங்கமீன் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது கல்லை வாயில் போட்டுத் துப்பும் பழக்கமுள்ளது. வாய்க்குள் சிக்கும் பருமனில் கல் இருக்கக் கூடாது. ஒன்று நுண்மணல் போடுங்கள், இல்லையென்றால் அதன் வாயைவிடப் பெரிய கூழாங்கல்.

நிறத்தில் என் முதல் தேர்வு பழுப்பு. கருப்பில் மீன் பளிச்சென்று தெரியும், ஆனால் விழுந்த தீனித் துணுக்கும் தெரியும். வெள்ளையில் எச்சமும் பாசியும் தெரியும். பழுப்பு இரண்டையும் மறைக்கும், மீனும் நிறம் பிடிக்கும். கப்பி, நியான், டைகர் பார்ப், சிவப்பு வால் உள்ள எதற்கும் கரும்பழுப்போ கருப்போ நன்று. பிளாக் மூர் தங்கமீன், பிளாக் மோலி போன்ற கரிய மீன்களைக் கருப்பு மணலில் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. அவற்றுக்கு இளம்பழுப்பு ஆற்று மணல். சிவப்புக் கண் கொண்ட அல்பினோ மீனுக்கு உடம்பில் கருமணியே கிடையாது, தரைக்கேற்ப மாறவும் மாறாது. கண் கூசாமல் இருக்கவாவது வெளுப்புத் தரையைத் தவிர்க்கலாம்.

அயிரை வளர்க்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். குழம்பு மீனாகத்தான் நமக்குத் தெரியும், ஆனால் தொட்டியில் அதைப் போல வேடிக்கை காட்டும் மீன் குறைவு. அது மணலுக்குள் புதைந்து, கண் இரண்டை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். அதன் உடம்பின் புள்ளியும் வரியும் ஆற்று மணலை அப்படியே எடுத்து ஒட்டிய மாதிரி. அதற்கு நுண்ணிய ஆற்று மணல் ஒன்றே பொருந்தும். சாயக்கல்லில் விட்டால் புதைய முடியாமல் கண்ணாடியில் முட்டி முட்டிச் சலித்துப் போகும்.

பின்னணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, செய்முறையில் மட்டும் கொஞ்சம். கடையில் சுருளாக வைத்து வெட்டித் தரும் படத்தில் பவளப் பாறையும் கடல் நீலமும் இருக்கும். ஓடை மீனுக்குப் பின்னால் கடல் படம் எனக்கு உறுத்துகிறது, படத்தின் நிறங்கள் மீனின் நிறத்தையும் தின்றுவிடுகின்றன. ஒற்றை நிறம் போதும்: கருப்பு, அடர்நீலம், கரும்பச்சை இவற்றில் ஒன்று. தரையைவிடப் பின்னணி ஒரு படி இருண்டிருந்தால் சின்னத் தொட்டியும் ஆழமாகத் தெரியும். ஃபில்டர் குழாயும் ஒயரும் அதில் கரைந்துவிடும். சார்ட் பேப்பர் மலிவு, ஆனால் ஈரம் பட்டால் சுருளும், நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் ஷீட் என்றால் கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் காற்று நின்று, பக்கவாட்டில் பார்க்கும்போது வெள்ளி மாதிரிப் பளபளக்கும். கண்ணாடியின் வெளிப்பக்கம் துளி தேங்காய் எண்ணெய் தடவி, ஷீட்டைப் படியவைத்து, ஸ்கேலால் காற்றை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் சரியாகும்.

நான் கடைசியில் பெயின்டே அடித்துவிட்டேன். தொட்டி காலியாக இருக்கும்போது, பின் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மட்டும். உள்ளே ஒரு சொட்டும் கூடாது. இதில் என் தொழிலுக்கு நேர் எதிரான ஒரு விஷயம் இருக்கிறது. சுவரிலும் வண்டியிலும் கடைசிப் பூச்சுதான் கண்ணில் படும். தொட்டியிலோ கண்ணாடியை ஒட்டிய முதல் பூச்சுதான் உள்ளிருந்து தெரியும், எத்தனை பூச்சு அடித்தாலும் அதை மாற்ற முடியாது. அதனால் கண்ணாடியை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, சின்ன ரோலரில் முதல் பூச்சை மெல்லிசாக, விரல் தடம் படாமல் அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஒளி கசியும் இடங்களை இரண்டாம் பூச்சில் மூடலாம். மேட் வாங்குவதா கிளாஸ் வாங்குவதா என்று யோசிக்கத் தேவையில்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றே.

மீன் வெளுப்பதெல்லாம் தரையால்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவில் விளக்கணைத்ததும் நியான் வெளுத்துத்தான் நிற்கும், காலையில் திரும்பிவிடும். பையில் கட்டிக் கொண்டுவந்த மீன் பயத்தில் வெளுக்கும். தண்ணீர் கெட்டாலும் வெளுக்கும். தீனி எடுக்காமல், மேலே வந்து மூச்சு வாங்கினால் மணலை மறந்துவிட்டு முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

ஒரு கோபத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி மீன் என்று ஒன்று உண்டு, நம் நாட்டு நீர்நிலைகளில் வாழ்வது. உடம்புக்குள் முள்ளும் குடலும் தெரியும். அதன் உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றி, பச்சைக் கோடும் ரோஸ் கோடும் தெரிய விற்கிறார்கள். ஊசி போட்ட காயத்தில் நோய் பிடித்துப் பல செத்துப்போகின்றன. பிழைத்தவற்றுக்கும் சில மாதங்களில் சாயம் மங்கிவிடுகிறது. நிறத்தை உடம்பில் குத்தி ஏற்றுவதைத் தொழில் என்று என்னால் ஏற்க முடியாது. வாங்குபவர் இல்லாவிட்டால் ஊசி போடுபவரும் இருக்கமாட்டார். தயவுசெய்து வாங்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மீன் வாங்கப் போக வேண்டிய இடம் கொளத்தூர். ஆவடியில் மின்சார ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் பக்கம்தான். தெருத்தெருவாக மீன் கடைகள், வளர்ப்புப் பண்ணைகள், மணலும் கல்லும் மூட்டை மூட்டையாக. அங்கே போனால் மீனைத்தான் முதலில் கை தேடும். முதல் தடவை மீனை மனத்தில் மட்டும் தேர்ந்துகொண்டு, அது எந்தத் தரையில் வாழ்வது என்று கடைக்காரரைக் கேட்டு, மணலையும் பின்னணியையும் மட்டும் வாங்கி வாருங்கள். தொட்டியை அமைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமல் சில வாரம் போகட்டும். இரண்டாவது தடவை மீன். போகும்போது பையில் ஒரு வெள்ளைத் துணியும், சின்னக் குப்பியில் வினிகரும் இருக்கட்டும்.